வளையக்காவும் கணக்கில் வராத மழையும்

வானிலை ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிற ஒருத்திக்கு நாளைக்கு மழை வருமா வராதா என்று தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? வளையக்கா சத்தியமே செய்து பார்த்துவிட்டாள். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டே பல் டாக்டர், எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "நீங்க வெதர் ஆபீஸ்தானே? நாளைக்குத் துணி காயப்போடலாமா?"

"என் வானத்துல நாளைக்கு மழை உண்டுங்க. உங்க வானத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பாள். கேட்டவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுக்கென்று தனியாக ஒரு வானம் இருந்தது. ஆபீஸின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே ஒடுங்கிய ஓர் அறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் அது ஓடியது. மலை, கடல், காடு எதுவும் அதில் கிடையாது. ஒரே ஓர் அடுக்குத் திரவம், வளையம் போல, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வளையத்தை ஐந்நூறு பெட்டிகளாகப் பிரித்திருந்தாள். பெட்டிக்கு மூன்றே எண்கள்: காற்றின் வேகம், திரவத்தின் உயரம், மழை. திரவம் ஓர் அளவுக்கு மேல் குவிந்தால் மேகம். அதற்கும் மேல் குவிந்தால் மழை. பெய்த மழை மறுபடி திரவத்தோடே போய்ச் சேரும். ஆபீஸில் அதற்கு 'பொம்மை' என்று பெயர். அவளுக்கு 'வளையக்கா' என்று பெயர். சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் ஞாபகம்.

அவள் இந்தப் பொம்மையிடம் வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. இருபத்திரண்டு வயதில் தட்டச்சு வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஊர் ஊராக இருக்கிற வானிலை நிலையங்களிலிருந்து வரும் எண்களைத் தாளைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். ஆபீஸில் காகிதத்துக்குப் பஞ்சமோ என்னவோ, அந்த எண்களை யாரோ தூக்கிப்போட்ட பழைய தாள்களின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் மதியம் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கை சும்மா இருக்கவில்லை. தாளைத் திருப்பி, முன்பக்கத்தில் இருந்ததையும் அப்படியே அடித்துவிட்டாள். அது ஒரு பக்கத்து புரோகிராம். ஓட்டிப் பார்த்தாள். திரையில் ஒரு கோடு. கோட்டில் ஒரு மேடு. மேடு இரண்டாகப் பிளந்து, ஒன்று இடது பக்கமும் ஒன்று வலது பக்கமுமாக ஓடி, வளையத்தைச் சுற்றி வந்து, எதிரெதிரே மோதி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒன்றுமே நடக்காதது போல் தத்தம் வழியே போயின.

அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. வீட்டுக்கு நடந்து போகும்போது தெருவில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒவ்வொன்றிலும் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டே போனாள். கால் தரையில் பாவவில்லை. அதற்கப்புறம் மூன்று வருஷம் மதிய இடைவேளைகளில் புரோகிராம் எழுதப் படித்து, பரீட்சை எழுதி, கெஞ்சிக் கூத்தாடி ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள்.

பொம்மையால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். கேட்டவர் உட்கார நாற்காலி தேடுவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். "நிஜ வானம் இந்த நிமிஷம் எப்படி இருக்குன்னு யாருக்காவது முழுசாத் தெரியுமா? தெரியாது. இங்க ஒரு நிலையம், அங்க ஒரு பலூன், மேல ஒரு சாட்டிலைட். நடுவுல எல்லாம் இருட்டு. அதனால கம்ப்யூட்டர் நேத்து போட்ட கணிப்பையும் இன்னிக்கு வந்த அளவுகளையும் கலந்து, வானம் இப்படித்தான் இருக்கும்னு ஒரு முடிவுக்கு வர்றோம். அங்கேர்ந்துதான் நாளைய கணிப்பு கிளம்புது. அந்தக் கலவை சரியான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? சரியான விடைதான் யார் கையிலயும் இல்லையே! என் பொம்மையில விடை என் கையில. ஒரு வளையத்தை ஓட்டி, இதுதான் நிஜம்னு பூட்டி வெச்சுடுவேன். அதுலேர்ந்து அங்கங்க நாலு எண்ணை எடுத்து, வேணும்னே கொஞ்சம் பிழையும் சேர்த்து, இன்னொரு வளையத்துக்குக் கொடுப்பேன். அது தட்டுத் தடுமாறி நிஜத்தைக் கண்டுபிடிக்குதான்னு பார்ப்பேன். பரீட்சையும் நான்தான், விடைத்தாளும் நான்தான்!"

வீட்டில் இதை நூறு தடவையாவது கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு. மற்றவள் அவருடைய தங்கை, தையல்காரி. சின்ன வயதில் கையில் கிடைத்த காலண்டர், திரைச்சீலை, அண்ணனின் ஒரே நல்ல சட்டை எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியதால் அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர் நிலைத்துவிட்டது. நாக்கும் அதே ஜாதி. வீட்டின் முன்னறை அவளுடைய தையல் கடை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நாளுக்கு நாலு சண்டை. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குக் காபி இறங்காது.

ஆபீஸுக்கு அந்த வருஷம் நேரம் சரியில்லை. பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் நிஜக் கணிப்பில் புதிய கலவை முறை ஒன்றைப் போட்டிருந்தார்கள். போட்ட நாளிலிருந்து மழை, மழை, மழை என்றே அறிக்கை வந்தது. வானமோ கண்ணாடி போல் பளிச்சென்று இருந்தது. ஊரே குடையும் கையுமாக வெயிலில் வேர்த்து ஒழுகியது. ஆபீஸுக்குக் 'குடைக்கடை' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மனைவி வேலை பார்க்கிற ஆபீஸ் சொல்வதை மதிக்காமல் இருப்பது தப்பு என்று லிஃப்ட் மெக்கானிக் தினமும் குடை எடுத்துப் போனார். நான்கு மாதத்தில் ஐந்து குடைகளை ஐந்து கட்டடங்களில் மறந்துவிட்டு வந்தார். ஒன்றுகூட நனையவில்லை.

"உங்க ஆபீஸ்ல மழையை நிறுத்தச் சொல்லு" என்றார் ஒரு நாள். அவர் அந்த மாதம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

அந்தப் புதிய முறையை எழுதியவர் ஆபீஸில் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. வளையக்காவைவிடப் பத்து வயது சின்னவர். சாப்பாட்டு மேஜையில் சிந்திய சாம்பாரில்கூட விரலால் சமன்பாடு எழுதுவார் என்பதால் 'ஃபார்முலா' என்று பெயர். வளையக்காவுக்கு அவர் மீட்டிங்கில் 'சார்', வெளியே 'தம்பி'. அவர் முறையில் ஒரே கணிப்புக்கு நாற்பது பிரதிகள் ஓடும். ஒவ்வொன்றும் மற்றதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி. நாற்பதும் எங்கெங்கே ஒத்துப்போகின்றன, எங்கெங்கே முரண்டு பிடிக்கின்றன என்பதை வைத்துப் புதிய அளவுகளுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று தீர்மானிக்கும். அழகான முறை. அதில் அவளுக்கும் சந்தேகமே இல்லை.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அவளைத்தான் சொன்னார்கள். அதே முறையைப் பொம்மையில் போட்டு ஓட்டினாள். முப்பது நாளில் வளையம் முழுகிப்போனது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் மழை. காற்றின் கணக்கைச் சோதித்தாள். உயரத்தின் கணக்கைச் சோதித்தாள். மூன்று வாரம் தலைகீழாக நின்று பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆபீஸிலிருந்து கொண்டுவந்த தாள்களை ஒட்டி, எட்டடி நீளத்துக்கு விரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் அவ்வளவு நீள மேஜை கத்திரியின் வெட்டு மேஜை ஒன்றுதான். கேட்காமல் விரித்துவிட்டாள்.

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கத்திரி உள்ளே வந்தாள். "என் கோட்டுத் துணி மேலயா விரிச்சிருக்கீங்க?"

"ரெண்டே நிமிஷம். மழை ஏன் கூடுதுன்னு பார்த்துடறேன்."

"நீங்க மூணு வாரமா ரெண்டு நிமிஷம்னு சொல்றீங்க, அண்ணி." கத்திரி குனிந்து பார்த்தாள். எண்கள் அவளுக்கு அந்நியம் இல்லை. நாள் முழுக்க அளவு நாடாவோடு வாழ்கிறவள். "இது என்ன, இங்கெல்லாம் மைனஸ் போட்டிருக்கு? மைனஸ் மழைன்னா தரையிலேர்ந்து மேல பெய்யுமா?"

வளையக்கா சிரித்தாள். "அது கலக்கும்போது வர்றது. இந்தப் பக்கம் மழை கம்மின்னு ஒரு அளவு வந்தா, அக்கம் பக்கத்துப் பெட்டியிலயும் சேர்த்துக் கழிக்கும். மழையே இல்லாத பெட்டியில கழிச்சா மைனஸ்தானே வரும்? அதெல்லாம் கடைசியில வெட்டிடுவோம். மைனஸ் எங்க இருந்தாலும் பூஜ்யம்னு ஆக்கிடுவோம்."

"வெட்டிடுவீங்க."

"ஆமா."

"வெட்டின துண்டு எங்க?"

"எந்தத் துண்டு?"

"வெட்டினா துண்டு விழணுமே அண்ணி! நான் ஒரு சட்டைக் கை வெட்டினா கீழ இவ்வளவு துண்டு விழுது. கூட்டிப் பார்த்தா வந்த துணி அளவுக்குச் சரியா இருக்கணும். இல்லேன்னா துணி கொடுத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா? உங்க வளையத்துக்குள்ள வெளியேர்ந்து தண்ணி வராது, உள்ளேர்ந்து போகாதுன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. அப்போ வெட்டினது எங்க போச்சு? இதுல இன்னொரு வேடிக்கை, நான் வெட்ட வெட்டத் துணி குறையுது. உங்களுக்கு வெட்ட வெட்ட மழை வளருதே!"

வளையக்கா தாளில் ஒரு மைனஸ் எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"மைனஸ் மூணு இருக்கு" என்றாள் மெதுவாக. "அதைப் பூஜ்யம் ஆக்கினேன்னா... நான் வெட்டலை. மூணு கூட்டியிருக்கேன்."

"என்னது?"

"கூட்டியிருக்கேன்! ஒவ்வொரு பெட்டியிலயும்! நாற்பது வளையத்துலயும்! ஒரு நாளைக்கு நாலு தடவை! ஐயோ கத்திரி, என் ராசாத்தி!"

நாத்தனாரின் இடுப்பைப் பிடித்து மேஜையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். "விடுங்க அண்ணி, வாயில ஊசி! வாயில ஊசி!" என்று பல்லைக் கடித்தபடி கத்திரி கத்த, சத்தம் கேட்டு லிஃப்ட் மெக்கானிக் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். இரண்டு பேரும் சண்டை போடவில்லை, ஆடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்குத்தான் ரொம்பப் பயமாகிவிட்டது.

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும்போதே வளையக்கா வாசலில் நின்றாள். வளையத்தில் மொத்தம் எவ்வளவு நீர் என்று கூட்டிப் போடும் ஒரு வரியைப் புரோகிராமில் சேர்த்தாள். தொடக்கத்தில் ஆயிரம். முப்பதாம் நாள் ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு. வானத்தில் கால்வாசிக்கும் மேல் யாரும் ஊற்றாத தண்ணீர்! அடுத்து, பூஜ்யமாக்கும்போது கூடுகிற அளவைக் குறித்துக்கொண்டு, நிஜமாகவே மழை இருக்கிற பெட்டிகளிலிருந்து அதே அளவை விகிதப்படி எடுத்துவிடும்படி நான்கு வரி எழுதினாள். ஓட்டினாள். ஆயிரம். ஆயிரம். ஆயிரம். முப்பதாம் நாளும் ஆயிரம். பூட்டி வைத்த நிஜத்தோடு ஒப்பிட்டால், மழை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, இல்லாத இடத்தில் இல்லை.

சுழல் நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மூன்றாவது சுற்றில் நாற்காலியின் திருகு கழன்று கீழே விழுந்து உருண்டது. தலை கிறுகிறுக்க, ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஆயிரம் என்று சொல்லிச் சிரித்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்கிறாள் போலும் என்று நினைத்து, "ஆயிரமெல்லாம் வேண்டாங்க, ரெண்டு போதும்" என்றார்.

மீட்டிங் புதன்கிழமை. இயக்குநர் ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் கோபம் என்று அர்த்தம். வளையக்கா இரண்டு கோடுகளைத் திரையில் போட்டாள். ஒன்று மேலே மேலே ஏறியது, ஒன்று தரையைப் போல் சமமாக ஓடியது. பூஜ்யமாக்கும் அந்த ஒற்றை வரியை எழுதியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஃபார்முலாவின் காது சிவந்தது. "அது பொம்மை மேடம். நிஜ வானத்துல கடல்லேர்ந்து ஆவி வருது, மழையாப் போகுது. இந்தச் சின்ன வித்தியாசம் அதுல கரைஞ்சு போயிடும். பொம்மைக் காருக்கு பிரேக் பிடிக்கலேன்னு யாராவது நிஜ பஸ்ஸை நிறுத்துவாங்களா?"

"பொம்மைக்கும் பஸ்ஸுக்கும் ஒரே பிரேக்கைத்தான் போட்டிருக்கோம்னா நிறுத்தித்தான் பார்க்கணும், தம்பி" என்றாள் வளையக்கா. மீட்டிங்கில் தம்பி என்று வாய் தவறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இயக்குநரின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது, பாதி வழியில் நின்றது, திரும்ப மூக்குக்கே இறங்கியது. "மூணு வாரம்" என்றார். "இப்ப ஓடற பழையதும், இந்த நாலு வரி சேர்த்த புதுசும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும். வெளியே கொடுக்கறது பழையதுதான். அப்புறம் பேசுவோம்."

அந்த மூன்று வாரம் வளையக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தினமும் காலையில் இரண்டு கணிப்புகளையும் வாங்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் நிற்பாள். பழையது மழை என்றது, புதியது இல்லை என்றது, வானம் இல்லை என்றது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் இரண்டுமே மழை என்றன, பெய்தது. ஒரு நாள் புதியது இல்லை என்று சொல்லியும் தூறல் போட்டது. அன்று வளையக்கா சாப்பிடவில்லை. "ஒரு நாள் சரியாச் சொன்னா ஜெயிச்சதும் இல்ல, ஒரு நாள் தப்பினா தோத்ததும் இல்ல" என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு, அதை அவளே நம்பாமல் பால்கனிக்கும் அறைக்கும் நடந்தாள்.

பதினேழாவது நாள்தான் வினை வந்தது. நகரத்துப் பள்ளிகளெல்லாம் சேர்ந்து நடத்தும் விளையாட்டு விழா, நாலாயிரம் பிள்ளைகள், திறந்த மைதானம். மாலை நான்கு மணிக்குக் கனமழை என்றது பழைய கணிப்பு. ஒரு துளி கிடையாது என்றது புதியது. விழாவைத் தள்ளிவைக்கலாமா என்று காலையில் ஃபோன் வந்தது. இயக்குநர் வளையக்காவையும் ஃபார்முலாவையும் அறைக்கு அழைத்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டது ஃபார்முலாவை.

அவர் இரண்டு தாள்களையும் வெகுநேரம் பார்த்தார். "பதினாறு நாளா நானும் தனியாக் குறிச்சுக்கிட்டு வர்றேன் மேடம். அக்காவோடதைக் கொடுங்க" என்றார். வளையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மூலையிலிருந்து ஆதரவு வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

மூன்றரை மணிக்கு மேற்கே ஒரு மேகம் தலை காட்டியது. ஆபீஸ் முழுக்க மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வந்துவிட்டது. மேகம் கறுத்தது. வளையக்கா ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி அண்ணாந்து பார்த்தாள். சொட்டென்று ஒரு துளி அவள் மூக்கின் மேல் விழுந்தது.

"செத்தேன்" என்றாள்.

இன்னொரு துளி. ஃபார்முலா பக்கத்தில் வந்து தானும் தலையை நீட்டினார். அவர் கண்ணாடியிலும் ஒரு சொட்டு. இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். நான்காவது மாடி ஏ.சி. பெட்டியின் குழாயிலிருந்து தண்ணீர் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்துச் சிரித்து ஃபார்முலா தரையில் உட்கார்ந்துவிட்டார். வளையக்காவுக்கு விக்கல் வந்துவிட்டது. மேகம் வடக்கே நகர்ந்து, மெலிந்து, ஐந்து மணிக்குக் காணாமல் போனது. நாலாயிரம் பிள்ளைகளும் ஓடி, குதித்து, வெயிலில் கறுத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மூன்று வாரம் முடிந்தபோது பழையது பதினாறு நாள் மழை என்றிருந்தது, புதியது எட்டு, பெய்தது ஏழு. மறு திங்கட்கிழமை முதல் அந்த நான்கு வரிகள் பெரிய கம்ப்யூட்டரில் ஏறின. ஒவ்வொரு புரோகிராமுக்கும் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் அங்கே உண்டு. வளையக்கா தன் பெயரை அடித்தாள், பக்கத்தில் நாத்தனாரின் பெயரையும் அடித்தாள். இது யார், எந்தப் பிரிவு என்று நிர்வாகத்திலிருந்து கேட்டார்கள். "தையல் பிரிவு" என்று பதில் போட்டாள். நிர்வாகத்துக்கு அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று புரியாமல், கடைசியில் அப்படியே விட்டுவிட்டார்கள். கத்திரி அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டு, அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "வானத்துக்கே நான்தான் அளவெடுத்தேன்" என்று அளந்துகொண்டிருந்தாள்.

இயக்குநர் வளையக்காவைக் கூப்பிட்டு, பெரிய கணிப்புப் பிரிவுக்கு வரச் சொன்னார். பெரிய அறை, பெரிய திரை, புது நாற்காலி. வளையக்கா கையைப் பிசைந்தாள்.

"வேண்டாம் மேடம். எனக்கு வேற ஒண்ணு கொடுங்க. வளையத்து மேல இன்னொரு அடுக்குப் போட அனுமதி கொடுங்க. கீழ ஒரு திரவம், மேல ஒரு லேசான திரவம். கீழ நடக்கறது மேலயும், மேல நடக்கறது கீழயும் பாதிக்கும். மேகம் எப்படி மேல கிளம்புதுன்னு இன்னும் நல்லாப் பார்க்கலாம்."

"அவ்வளவுதானா?"

"ரெண்டடுக்கு மேடம்!" என்றாள் அவள், மாளிகை கேட்கிறவளைப் போல.

எழுதி முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. முதல் ஓட்டத்தைப் பார்க்க ஃபார்முலாவும் வந்திருந்தார், கையில் டீயோடு. வளையக்கா பொத்தானை அழுத்தினாள். கீழடுக்கில் ஒரு மேடு கிளம்பியது. மேலடுக்கு அதைப் பார்த்து ஒரு பள்ளம் போட்டது. பள்ளம் மேட்டை இழுத்தது, மேடு பள்ளத்தைத் தள்ளியது, இரண்டும் ஒன்றையொன்று ஏவிவிட்டு வளர்ந்து வளர்ந்து, ஏழாவது விநாடியில் திரை முழுக்க முள்ளம்பன்றி போல் சிலிர்த்துக்கொண்டு, எண்களெல்லாம் எல்லை மீறி, கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது.

"வெடிச்சிடுச்சு அக்கா" என்றார் ஃபார்முலா.

"வெடிச்சிடுச்சு தம்பி!" என்றாள் வளையக்கா. கண்ணெல்லாம் சிரிப்பாக நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க, உக்காருங்க. ஏழு விநாடி ஓடியிருக்கு பார்த்தீங்களா? ஏழு முழு விநாடி!"